அவசரப்படாத தண்ணீர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதலாக வெப்பத்தோடு மல்லுக்கட்டியவர்கள் கோடிப் பேர். வெப்பத்துக்கே ஒழுக்கம் கற்பித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பால் நிலையத்தின் பொது மேலாளர். அந்த மகானிடம் மக்கள் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு புகழ்கிறான் என்று யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. இங்கே சம்பளம் தராவிட்டால் வேறு இடத்தில் வேறு ஒருவரைப் புகழ்ந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலாளருக்குப் பிடித்த சொல் 'நிதானம்'. ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் கத்துகிறார் என்று மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னோம். "எந்த மாடிக்குப் போகணுமாம்? கேட்டு வைங்க" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு ஊரின் பால் இருப்பது அந்த ஊர் செய்த பாக்கியம்.

இனி, வரலாறு. பாலை நன்றாகச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றால் மட்டும் போதாது. உடனே குளிரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு கிருமிகள் மறுபடி குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். இதற்காக எங்களிடம் ஒரு குளிர்விப்பான் இருக்கிறது. மெல்லிய எஃகுத் தகடுகளை நெருக்கமாக அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஓர் இடுக்கில் பால் ஓடும், அடுத்த இடுக்கில் ஐஸ்போலக் குளிரவைத்த ஆற்றுத் தண்ணீர் ஓடும். இரண்டும் தொட்டுக்கொள்ளாது. பாலின் சூடு மட்டும் தகட்டைத் தாண்டித் தண்ணீருக்குப் போய்விடும். (எங்கள் நிலையத்தில் பாலும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் இடம் வேறு. அது இந்தக் கதையில் வராது.)

இந்தக் குளிர்விப்பானுக்குப் பொறுப்பான பொறியாளர் என் சொந்தத் தங்கை. தொழிலாளர்கள் அவளை 'ஐஸ் அக்கா' என்பார்கள். பெயர்தான் ஐஸ், பேச்சில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பாள். எங்கள் குடும்பத்தில் வளைந்து கொடுக்கும் குணம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஆண்டு 'நீர்ச் சிக்கனக் கேடயம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். எந்தத் தொழிற்சாலை தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்கிறதோ அதற்குக் கேடயம், மேடை, மாலை, புகைப்படம். மேலாளர் அன்றே குளிர்விப்பானுக்குப் போகும் தண்ணீர் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி உத்தரவிட்டார். கேடயம் வைக்க வரவேற்பறையில் கண்ணாடி அலமாரியும் செய்தாகிவிட்டது. சில வாரங்கள் கழித்து, நாலு பாகைக்குக் குளிர்ந்து வரவேண்டிய பால் ஒன்பது பாகையில் வரத் தொடங்கியது. உடனே 'வெப்ப மேலாண்மை உயர்மட்டக் குழு' கூடியது. மேலாளர், கணக்கு அதிகாரி, விற்பனை அதிகாரி, நான், இன்னும் மூன்று தலைகள். அந்த மூவரின் வேலை என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசி நாற்காலியில் என் தங்கை.

"ஆத்துத் தண்ணில பொடி வண்டல் இருக்கு சார்" என்று ஆரம்பித்தாள். "மாவு மாதிரி, எந்த வலையிலயும் நிக்காது. தண்ணி வேகமா ஓடினா அதுவே அடிச்சுக்கிட்டுப் போயிடும். வேகத்தைக் குறைச்சதால இப்ப தகட்டு மேல உக்காந்துடுச்சு. ஒண்ணு உக்காந்தா அது மேல இன்னொண்ணு வந்து உக்காருது. தனித்தனியாப் பாத்தா கண்ணுக்கே தெரியாது. எல்லாம் சேர்ந்தா சூட்டை அந்தப் பக்கம் போகவே விடாது."

கணக்கு அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க செக்‌ஷனைப் பத்திப் பேசறீங்களா?"

"இல்ல சார், வண்டலைப் பத்திப் பேசறேன்."

"அப்ப சரி."

"பம்பைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவரணும் சார். அதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல நிறுத்தி, தகட்டையெல்லாம் பிரிச்சுக் கழுவணும். அரை நாள் வேலை."

மேலாளர் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று பொருள். எழுப்ப வேண்டியிருந்தால்தான் தூக்கம் என்று பொருள். அன்று யோசனைதான்.

"தண்ணி ஏன் சூட்டை வாங்கிக்க மாட்டேங்குது?" என்றார். "அவசரம்! ஓடற ஓட்டத்துல எதை வாங்கும்? நீங்க கடைக்குப் போறீங்க, ஓடிக்கிட்டே சாமான் வாங்குவீங்களா? நின்னு, பாத்து, நிதானமா வாங்குவீங்க. தண்ணிக்கும் டயம் குடுங்கம்மா. வேகத்தை இன்னும் பாதியாக் குறைங்க."

 விற்பனை அதிகாரி கை தட்டினார், நாங்களும் தட்டினோம். ஒரு தண்ணீர்க் குழாய்க்குள் ஒளிந்திருந்த தத்துவத்தை இப்படி வெளியே இழுத்துப் போட்டவர் உலகில் வேறு யார்?

"சார், குறைச்சா இன்னும் வண்டல் உக்காரும் சார்" என்றாள் தங்கை, கைதட்டலுக்கு நடுவே.

"உக்காரட்டுமே! நாமளும்தான் உக்காந்திருக்கோம்" என்றார் மேலாளர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களை வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்துவது கஷ்டம்.

பம்பின் வேகம் கால்வாசி ஆயிற்று. மேலாளர் தாமே இயந்திரக் கூடத்துக்கு எழுந்தருளி, தண்ணீர் வெளியே வரும் குழாயில் கைவைத்துப் பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்தார். "பாத்தீங்களா! தண்ணி எவ்வளவு சூடா வருது! இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? சூட்டை வாங்குதா இல்லையா?"

"ஒரு டம்ளர் தண்ணின்னா நிறையவே சூடாகும் சார்" என்றாள் தங்கை. "ஆனா ஒரு டம்ளர்தானே சார் ஓடுது! முன்னாடி ஒரு வாளி ஓடிச்சு. பாலைத் தொட்டுப் பாருங்க."

"பாலைத் தொடறது சுகாதாரமில்லம்மா" என்றார் மேலாளர். சுகாதாரத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை. அன்று மாலையே 'நிதான நீர்த் திட்டம்' என்ற தலைப்பில் நான் வண்ணப் பிரசுரம் ஒன்று எழுதி முடித்தேன். அட்டைப் படத்தில் மேலாளர் குழாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பால் இப்போது இருபது பாகையில் வந்தது. பிறகு முப்பத்தைந்து. விற்பனை அதிகாரி ஒரு நாள் கையைப் பிசைந்துகொண்டு என் மேசைக்கு வந்தார்.

"பாக்கெட்டைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்காம். கடைக்காரங்க கத்தறாங்க. ஏதாவது செய்யுங்க."

செய்தேன். மறுநாள் ஊர் முழுக்கச் சுவரொட்டி: 'இதோ, பசுவின் கதகதப்போடு உங்கள் கைகளுக்கு!' கீழே ஒரு கன்றுக்குட்டி கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். விற்பனை கூடிவிட்டது. மத்தியானத்துக்குள் பால் திரிந்துபோகிறது என்று கொஞ்சம் புகார் வந்தபோது, 'எங்கள் பாலில் உயிர் இருக்கிறது' என்று இன்னொரு சுவரொட்டி. பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பாலில் உயிர் இருந்ததில் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, நீ அவர்கிட்ட பேசணும்."

"உள்ள வாம்மா முதல்ல."

"உள்ள வந்தா நீ பேச்சை மாத்துவே. அந்தப் பகல் காப்பகம் இருக்கில்ல, துப்புரவு வேலைக்கும் தையல் வேலைக்கும் போறவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம்? அதுக்கு நாமதான் இலவசமாப் பால் அனுப்பறோம். நீதான் போய்ப் படமெல்லாம் எடுத்தே. அங்க ஃப்ரிட்ஜ் கிடையாது. காலைல குளிர்ந்து போய்ச் சேர்ந்தாதான் மத்தியானம் வரைக்கும் தாங்கும். நாம வெதுவெதுன்னு அனுப்பறோம். எல்லாம் ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

"அதுக்குத்தான் குழு இருக்கே. அடுத்த கூட்டத்துல..."

"அரை நாள் நிறுத்தறதுக்கு எத்தனை கூட்டம்ணா? நீ சொன்னா அவர் கேப்பாரு. உன்னைத்தான் பக்கத்துலயே வெச்சிருக்காரே."

அவர் என்னைப் பக்கத்தில் வைத்திருப்பதே நான் எதையும் சொல்லாததால்தான் என்பதை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அதற்குள் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ யார்கிட்ட போய்க் கேக்கறே? உங்க அண்ணன் ஆபீஸ்ல வாயைத் திறக்கறதே கொட்டாவி விடறதுக்கும் பாராட்டறதுக்கும்தான்."

"சமயம் பாத்துச் சொல்றேன்" என்றேன், கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல்.

"சொல்லுண்ணா" என்றாள் தங்கை. "நீ சொல்லுவேன்னு நம்பிப் போறேன்." நான் சமயம் பார்த்தேன். மேலாளருக்குக் கேடயத் தேர்வுக் குழுவை வரவேற்கும் மும்முரம், எனக்கு வரவேற்புரை எழுதும் மும்முரம். சமயம் எங்கே அகப்பட்டது?

அகப்படாத சமயத்தை அவளே உண்டாக்கிக்கொண்டாள். ஒரு காலையில் யாரையும் கேட்காமல் பால் வரும் குழாயை அடைத்து, இயந்திரத்தை நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றித் தகடுகளைப் பிரித்துவிட்டாள். கூடம் நிசப்தமாயிற்று. ஓடாத இயந்திரத்தின் சத்தம்தான் மேலாளர் அறைக்கு முதலில் எட்டும். அன்றைக்குத்தான் அவர் ஓடி நான் பார்த்தேன். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

தங்கை ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு. மறுபக்கம் சாம்பல் நிறத்தில் அட்டை கனத்துக்குச் சேறு. அவள் விரலால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்குள் எஃகு பளிச்சிட்டது.

"இதைத் தாண்டி எப்படி சார் சூடு போகும்? நீங்களே பாருங்க."

மேலாளர் தகட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பளபளப்பு எந்தப் பக்கம்?"

"பால் ஓடற பக்கம் சார்."

"சேறு?"

"தண்ணி ஓடற பக்கம்."

"அப்பப் பால் பக்கம் சுத்தமா இருக்கு! நாம விக்கறது பாலா, தண்ணியா?" என்றார்.

"பால்தான்" என்றோம் நாங்கள் ஒரே குரலில். விற்பனை அதிகாரியின் குரல் மட்டும் கொஞ்சம் இழுபட்டது.

"பின்ன என்னம்மா உங்க பிரச்சினை? பாலுக்குத் திடீர்னு குளிர் தாக்காம இது ஒரு போர்வை மாதிரி காப்பாத்துது. இதைப் போய்ச் சுரண்டறீங்களே! மூடுங்க."

"ஒரே ஒரு மணி நேரம் குடுங்க சார், கழுவிட்டு மூடிடறேன். கைகூப்பிக் கேக்கறேன்."

"மத்தியானம் தேர்வுக் குழு வருது. தரையெல்லாம் சேறு. மானம் போயிடும். உடனே மூடுங்க. இனிமே என்னைக் கேக்காம இதைத் தொட்டா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

தொழிலாளர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தேர்வுக் குழு வருவதற்குள் அதைத் துடைக்க வேண்டியிருந்தது. சேறோடு தகடுகளை மறுபடி அடுக்கி இறுக்கினார்கள். 'அனுமதியின்றி உற்பத்திக்கு இடையூறு விளைவித்ததற்காக' அவளுக்குக் குறிப்பாணை போயிற்று. மத்தியானம் தேர்வுக் குழு வந்து, துளித் துளியாக ஓடும் தண்ணீரைக் கண்டு வியந்து, கேடயத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டது.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, காப்பகத்துக் குழந்தைகள் வரிசையாக வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். நிலையத்தின் சார்பில் ஆறுதல் சொல்ல, பழக்கூடையும் புகைப்படக்காரருமாக நான் போனேன். தங்கை எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். ஒரு கட்டிலில் சின்னப் பெண் குழந்தை, கையில் ஊசி ஏறி, கண் திறக்காமல் கிடந்தது. அதன் அம்மா துப்புரவு வேலைச் சீருடையிலேயே பக்கத்தில் நின்றாள்.

"நீங்க பால் கம்பெனியாம்மா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"ஆமாங்க."

"நல்ல பால்னு சொன்னாங்களே. ஃபோட்டோ எல்லாம் எடுத்தாங்களே. என் பொண்ணு அந்த டம்ளரைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளே."

தங்கை அழுதாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்ணா" என்றாள். புகைப்படக்காரர் என் காதில், "சார், இந்த அழுகையை எடுக்கலாமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் சரியில்லை.

குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகத் தேறி வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண் குழந்தை மட்டும் எல்லோரையும் பல நாள் கலங்கடித்துவிட்டுக் கடைசியில் கண் திறந்தது. ஊர் கொந்தளித்ததால் விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். மிகவும் நேர்மையானவர். எங்கள் வண்டியில் ஏற மறுத்துவிட்டு, தம் சொந்த வண்டிக்கு எங்கள் செலவில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டார்.

"பால் சரியாக் குளிரலைங்கறது யாருக்குத் தெரியும்?" என்று குழுவைக் கேட்டார்.

"அந்தப் பொறியாளருக்குத்தான் சார் தெரியும்" என்றார் மேலாளர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவங்கதான் எங்ககிட்ட வந்து வந்து சொன்னாங்க."

"எத்தனை தடவை?"

"ஐயோ, கணக்கே இல்ல சார். ஒவ்வொரு கூட்டத்துலயும் சொன்னாங்க."

"அவங்க சொன்னதை நீங்க எல்லாரும் கேட்டீங்களா?"

"இந்தக் காதால கேட்டோம் சார்" என்றோம். நானும் சொன்னேன். என் வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். தங்கை என்பதற்காக உண்மையை மறைக்கக் கூடாது அல்லவா?

விசாரணை அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "ஆக, ஆபத்துன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஏன் இயந்திரத்தை நிறுத்தலை?"

"நிறுத்தினேன் சார். பிரிச்சும் காட்டினேன். மூடச் சொல்லிட்டாங்க."

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

அவள் சிரித்தாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தீர்ப்பு வந்தது. அனுமதி பெறாமல் இயந்திரத்தை நிறுத்தியது ஒரு குற்றம். ஆபத்து தெரிந்தும் இயந்திரத்தை நிறுத்தாதது இன்னொரு குற்றம். இரண்டும் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபணமாகி, அவள் வேலையை விட்டு நீக்கப்பட்டாள். போகிற அன்று தொழிலாளர்கள் வாசல்வரை வந்து நின்றார்கள். அவள் என்னோடு இன்றுவரை பேசவில்லை. குளிர்விப்பான் முன்னைப்போலவே நிதானமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பம்பின் வேகத்தைக் கூட்டினால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமாம்.

மேலாளர் மீதும் பால் மீதும் துளியும் களங்கமில்லை என்று அறிக்கை திட்டவட்டமாகச் சொல்கிறது. அதற்கு அதிகாரி காட்டிய ஆதாரத்தை யாராலும் அசைக்க முடியாது. குழுவில் இருந்த எங்கள் ஏழு பேர் வீட்டிலும் சின்னக் குழந்தைகளோ பேரக் குழந்தைகளோ இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாக அவரே போய்ப் பார்த்தார். ஒரு குழந்தைக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. எல்லாம் கொழுகொழுவென்று ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. 'பாலில் கோளாறு இருந்தால் இந்தக் குழந்தைகள் எப்படி நலமாக இருக்க முடியும்?' என்று அறிக்கையில் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. பதிலை அவர் எங்களிடம் கேட்கவில்லை. கேட்காததை நாங்களாகச் சொல்வது மரியாதையில்லை. பால் குளிரவில்லை என்று என் தங்கை முதன்முதலாகச் சொன்னாளே, அதற்கு மறுநாள் காலையிலிருந்தே எங்கள் ஏழு பேர் வீட்டிலும் வேறு கம்பெனிப் பால்தான். அதற்கு மட்டும் நாங்கள் குழு எதுவும் அமைக்கவில்லை.